வெற்றிலை பாக்கு வைக்காத விசா

சாத்தங்கோட்டைக்காரர்களை மோசமானவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், அவ்வளவுதான். பஸ்ஸில் கரம் சிரம் புறம் நீட்டாதீர் என்று எழுதியிருக்கிறதே, பிறகு இறங்குவது எப்படி என்று யோசித்து யோசித்தே டெப்போ வரை போய்ச் சேர்ந்தவர்கள் அந்த ஊரில் ஏழெட்டுப் பேராவது தேறுவார்கள். டெப்போக்காரர்களுக்கும் அது பழகிப்போய்விட்டது.

அந்த ஊரில் ரைஸ் மில்லை ஒட்டி நாலு பேர் சேர்ந்து ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருந்தார்கள். மூத்தவன் பூல்பாண்டி. அடுத்து தாணு, மிக்கேல். கடைசி ஆள் நம்ம கொம்பையா. தொழிலில் சுத்தம். ஒரு வீட்டுக் கேட்டுக்கு அளவெடுத்தபோது வாசலில் ஒரு ஆடு படுத்திருந்தது. அந்த ஆட்டையும் விடாமல் அளந்து, அதற்கும் இடம் விட்டுத்தான் கேட் செய்து மாட்டினார்கள். ஆடு இன்றைக்கும் அந்த வழியாகத்தான் போய் வருகிறது.

கொம்பையாவுக்கு ஒரே ஒரு ஆசை, மாமா மகள் ராசகனியைக் கட்டிக்கொள்ள வேண்டும். ராசகனி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருந்தாள், கெட்டிக்காரி. அவளுக்கும் இவன்மேல் பிரியம்தான். தடையாக நின்றது மாமா வைகுண்டம். மனுஷன் முப்பது வருஷம் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிற டபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயால் சொல்வது எதையும் நம்ப மாட்டார். சீல் குத்திப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருந்தால் எதையும் நம்புவார். தனக்குக் கல்யாணம் ஆனதையே ரிஜிஸ்தர் ஆபீஸ் காகிதம் கைக்கு வந்த பிறகுதான் அவர் ஒத்துக்கொண்டார் என்று அத்தை சொல்வாள்.

பங்குனி மாதம் ஒரு நாள் மாமா கொம்பையாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ராசகனியைக் கனடா மாப்பிள்ளை ஒருத்தனுக்குக் கேட்கிறார்கள் என்றார்.

"அவனுக்குப் பி.ஆர். இருக்கு. அந்த ஊருல நிரந்தரமா தங்கலாம்னு சர்க்கார் குடுத்த பேப்பரு. உங்கிட்ட என்னடே இருக்கு?"

"பட்டறை இருக்கு மாமா."

"பட்டறையில சீல் குத்தியிருக்கா?"

கொம்பையா யோசித்துப் பார்த்தான். குத்தவில்லை. மாமா ஒரு சலுகை கொடுத்தார். தை பிறப்பதற்குள் அவனும் ஒரு பி.ஆருக்கு வழி பண்ணிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். கிளம்பிவிட்டால் பேப்பர் வருகிறவரை பெண்ணை வைத்துக்கொண்டு காத்திருப்பார். கிளம்பாவிட்டால் தை முதல் முகூர்த்தத்தில் கனடாவோடு தாம்பூலம் மாற்றிவிடுவார். ராசகனி மிஷினை நிறுத்தாமலே ஒரு வார்த்தை சொன்னாள். நீ எங்கே வேண்டுமானாலும் போ, என்னைக் கனடாவுக்கு மட்டும் அனுப்பிவிடாதே, குளிர் எனக்கு ஆகாது என்றாள். அன்றைக்குக் கொம்பையா சாப்பிடவில்லை.

மறுநாள் நாலு பேரும் ஜெசிந்தா அக்காவின் பிரவுசிங் சென்டரில் போய் நின்றார்கள். அக்கா கம்ப்யூட்டரில் இருப்பதைத் தமிழில் படித்துச் சொல்வாள். விளக்கம் மட்டும் சொல்ல மாட்டாள். சொன்னால் கடை சாத்துகிறவரை அது முடியாது என்பது அவள் அனுபவம். வெல்டர்களுக்கு ஆஸ்திரேலியாவில் கிராக்கி இருக்கிறது என்று படித்தாள். பெரிய நகரத்துக்குப் போகாமல், ஆள் குறைவான தூரத்து ஊரில் போய்த் தங்கச் சம்மதித்தால் விசாவுக்குக் கூடுதல் மார்க். அங்கே மூணு வருஷம் தங்கி வேலை பார்த்தால் பி.ஆர். கேட்கலாம். நாலு பேரும் பட்டறைக்குத் திரும்பி இதைப் பற்றி ஆலோசனை செய்தார்கள்.

"ஆளு குறைவா இருக்குற ஊருன்னுதான மார்க்கு குடுக்கான்?" என்றான் பூல்பாண்டி.

"ஆமாண்ணே."

"நாம நாலு பேரும் போய் இறங்குனா ஆளு கூடிருமே. அப்புறம் அது ஆளு குறைஞ்ச ஊரா எப்படி இருக்கும்?"

மிக்கேல்தான் வழி சொன்னான். ஊரின் நாலு மூலையிலும் ஆளுக்கு ஒரு மூலையாகத் தங்கிவிட்டால், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு ஆள்தான் தெரியும். பூல்பாண்டி அதை ஏற்றுக்கொண்டான். விசா கேட்பது கொம்பையா ஒருத்தன்தான், மற்ற மூணு பேருக்கு அங்கே என்ன வேலை என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முதலில் போட்டோ. பின்னால் சுவர் வெள்ளையாக இருக்க வேண்டும், முகத்தில் சிரிப்பும் கூடாது, அழுகையும் கூடாது என்று அக்கா படித்திருந்தாள். பட்டறைச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். ஆனால் கொம்பையாவுக்கு ராசகனி நினைப்பு வந்து வந்து சிரிப்பு முட்டியது. சிரிப்பை அடக்க, தாணு கனடா மாப்பிள்ளையைப் பற்றிப் பேசினான். உடனே கண்ணீர் வந்துவிட்டது. பிறகு ஒரு ஏற்பாடு செய்தார்கள். வலது காதில் மிக்கேல் கல்யாணச் சாப்பாட்டு அயிட்டங்களைச் சொல்ல வேண்டும், அதே நேரம் இடது காதில் தாணு கனடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடுவில் முகம் சரியாக நின்ற நேரம் பார்த்து பூல்பாண்டி போட்டோ எடுத்தான். அருமையாக வந்தது. என்ன, ரெண்டு காதிலும் ரெண்டு வாய் தெரிந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டாள் அக்கா.

அடுத்தது, தொழில் தெரியும் என்பதற்கு வேலை செய்கிற படம். வெல்டிங் முகமூடி போட்டுக்கொண்டு எடுத்து அனுப்பினார்கள். முகம் தெரியவில்லை என்று திரும்பி வந்தது. முகமூடியைக் கழற்றிவிட்டு எடுத்து அனுப்பினார்கள். பாதுகாப்பு விதி மீறல் என்று திரும்பி வந்தது. கண்ணெரிச்சலில் கொம்பையா ரெண்டு நாள் ஈரத்துணி போட்டுக்கொண்டு படுத்திருந்தான். மூணாவது தடவை முகமூடியின்மேல் அவன் பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கி ஒட்டி, படம் எடுத்து அனுப்பினார்கள். தேர்வாகிவிட்டது. இவ்வளவு தீப்பொறிக்கு நடுவிலும் கண் சிமிட்டாமல் வேலை செய்கிறார் என்று ஒரு பாராட்டு வேறு.

ஆங்கிலப் பரீட்சைக்கு மதுரை போனான். ஒரு சீட்டைக் கொடுத்து, உங்கள் ஊர் ஆற்றைப் பற்றி ரெண்டு நிமிஷம் பேசுங்கள் என்றார்கள். சாத்தங்கோட்டையில் ஆறு கிடையாது. கொம்பையா உள்ளதைச் சொன்னான். இன்னும் நேரம் இருக்கிறது, பேசுங்கள் என்றார்கள். ஆகவே மேலத்தெருவில் ஆறு இல்லை, கீழத்தெருவில் ஆறு இல்லை, ரைஸ் மில் பக்கம் ஆறு இல்லை, அத்தை வீட்டுப் பின்னால் ஆறு இல்லை என்று ஊரையே ஒரு சுற்று சுற்றி ரெண்டு நிமிஷத்தை முடித்தான். தடங்கல் இல்லாமல் பேசினதற்கு நல்ல மார்க்கே கிடைத்தது.

இப்படி எல்லா மார்க்கும் சேர்ந்து, வேண்டியதற்கு மேலேயே வந்துவிட்டது. பாஸ்வேர்டு விஷயத்தில் மட்டும் ஒரு வாரம் போனது. அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அக்கா படித்திருந்தாள். அடுத்த நாளே கம்ப்யூட்டர் அதைக் கேட்டது. கொம்பையா வாயைத் திறக்கவில்லை. நேற்றுக்கூட அதனிடம்தானே கொடுத்தாய் என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நேற்றுக் கொடுத்தது தெரியாமல் செய்த தப்பு என்றான் கொம்பையா. முடிவில் மற்ற மூணு பேரும் வெளியே போய்க் காதைப் பொத்திக்கொண்டு நின்ற பிறகுதான் டைப் அடித்தான்.

ஐப்பசி கடைசியில் ஒரு மத்தியானம் அக்கா ஆள் அனுப்பினாள். ஈமெயில் வந்திருந்தது. அவளே சந்தோஷத்தில் எழுந்து நின்று படித்தாள். விசாவுக்கு விண்ணப்பிக்கும்படி உங்களை அழைக்கிறோம், இந்த அழைப்பு அறுபது நாளைக்குச் செல்லும். ஒரு பட்டனை அமுக்கி, கேட்டதைக் கொடுத்தால் முடிந்தது.

கொம்பையாவின் கை பட்டன் பக்கம் போனது. பூல்பாண்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"யாரு வந்து அழைச்சா?" என்று கேட்டான்.

"மெயில்ல வந்திருக்குல்லா தம்பி," என்றாள் ஜெசிந்தா அக்கா.

"அக்கா, எங்க சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு வாட்ஸப்புல பத்திரிகை அனுப்பினான். நாங்க போனமான்னு கேளுங்க."

"போகல," என்றான் தாணு.

"மண்டபம் எங்க இருந்துச்சு?"

"பட்டறைக்கு எதிர்த்தாப்புல."

பூல்பாண்டி அக்காவைப் பார்த்தான். எதிர்த்த மண்டபத்துக்கே போகாதவர்கள் கடல் தாண்டிப் போவார்களா என்பது அந்தப் பார்வை. புருஷனும் பெண்சாதியுமாக வீடு தேடி வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, குங்குமம் கொடுத்துக் குடும்பத்தோடு வாருங்கள் என்று சொல்ல வேண்டும். அதுதான் சாத்தங்கோட்டையில் அழைப்பு. மற்றதெல்லாம் தகவல். அதிலும் இந்த மெயிலில் கொம்பையா பேர் மட்டும்தான் இருந்தது, பட்டறையோடு வரச் சொல்லவே இல்லை.

கொம்பையா பதறிப்போய், மெயிலைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு மாமாவிடம் ஓடினான். அவராவது அமுக்கச் சொல்வார் என்று நினைத்தான். மாமா அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சீலும் இல்லை, பச்சை மையும் இல்லை. இப்படி ஒரு தாளைப் பார்த்துவிட்டு இன்னொருத்தர் வாசலில் போய் நிற்கிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆக, போகாவிட்டால் கனடாக்காரன் கொண்டுபோவான், முறையில்லாமல் போனாலும் பெண் கிடையாது. பாவம் கொம்பையா, வாசலில் உட்கார்ந்து அழுதேவிட்டான்.

சரி, முறையை நாம் சொல்லிக்கொடுப்போம் என்று பூல்பாண்டி ஒரு பதில் எழுதச் சொன்னான். ஐயா, தங்கள் தகவல் கிடைத்தது, இங்கே பெரியவர்கள் வருத்தப்படுகிறார்கள், தங்கள் ஆபீசிலிருந்து தம்பதியாக யாராவது நேரில் வந்து அழைக்கவும், ரைஸ் மில் ஸ்டாப்பில் இறங்கிக் கேட்டால் யாரும் சொல்வார்கள். அக்கா அனுப்பினாள். கை எடுக்கும் முன்னால் பதில் வந்துவிட்டது. இது தானாக அனுப்பப்படும் பதில், இந்த அஞ்சல் பெட்டியைப் பார்ப்பதற்கு இங்கே ஆள் யாரும் இல்லை என்று படித்தாள்.

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆபீசுல ஆளே இல்லையாம்," என்றான் பூல்பாண்டி. "கிளம்பிட்டாங்கலே."

அதற்கப்புறம் தினமும் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் ரைஸ் மில் ஸ்டாப்பில் நின்றார்கள். பட்டறைக்கு மறுபடியும் வெள்ளையடித்தார்கள். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு என்று புதுச் செம்பில் தண்ணீர் வைத்தார்கள். நாற்பது நாள் போனது, ஐம்பது நாள் போனது. நாள் ஆக ஆகக் கொம்பையாவுக்குச் சோறு இறங்கவில்லை. கனடா வீட்டில் தாம்பூலத் தட்டு வாங்கிவிட்டார்கள் என்று அத்தை சொல்லி அனுப்பினாள்.

அறுபதாவது நாள், மார்கழி முடிய ரெண்டு நாள் இருக்கும்போது, காலை பஸ்ஸிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் இறங்கினார்கள். கையில் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமம். வெல்டிங் பட்டறை எங்கே என்று கேட்டார்கள். கொம்பையாவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

வந்தவர் பேர் தருமக்கண். ஒத்தப்பனைவிளை என்கிற ஊரின் தலைவர். அழைக்கப் போன இடத்தில் இல்லை என்ற சொல் வாயில் வரக்கூடாது, அது அவர் ஊர் முறை. அந்த முறையை அவர் அன்றைக்கும் விடவில்லை.

"எங்கேருந்து வாறீய?" என்றான் பூல்பாண்டி.

"ரொம்பத் தூரம். தெக்க. கடைசி ஸ்டாப்போட பஸ் நின்னுரும், அதுக்கப்புறம் நடைதான்."

ஆஸ்திரேலியா தெற்கேதான் இருக்கிறது என்று அக்கா படத்தில் காட்டியிருந்தாள். தாணு தலையை ஆட்டினான்.

"ஊருல ஆளு குறைவோ?"

"அதை ஏன் கேக்கிய. மொத்தம் நாப்பது வீடு, அதுல பாதி பூட்டிக் கெடக்கு. தண்ணித் தொட்டி சட்டம் ஒடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு, ஒரு வெல்டரும் வந்து தங்க மாட்டேங்கான். நீங்க ஒரு மூணு வருஷமாவது வந்து இருக்கணும். பட்டறையோட வரணும். வீடு நாங்க தாறோம்."

மூணு வருஷம் என்றதும் பூல்பாண்டிக்கு மேல் சிலிர்த்தது. இருந்தாலும் பெரிய காரியம், கேட்டுவிடுவது நல்லது.

"நீங்க ஆஸ்திரேலியாதான?"

தருமக்கண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. பெண்சாதியைப் பார்த்தார். அவள் தட்டைப் பார்த்தாள்.

"ஆமா, அப்படியும் சொல்லிக்கிடலாம்," என்றார்.

தட்டை வாங்கிக்கொண்டார்கள். மிக்கேலுக்கு மட்டும் ரெண்டு சந்தேகம். தமிழ் நன்றாகப் பேசுகிறார்களே என்றான். நம்ம ஆட்கள் அங்கே போய் எத்தனை வருஷம் ஆகிறது, கற்றுக்கொடுத்திருப்பார்கள் என்றான் பூல்பாண்டி. பிளேனில் அல்லவா கூட்டிப்போக வேண்டும் என்றான் மிக்கேல். பிளேன் பெரிய ஊர்களுக்குத்தான் போகும், இது சின்ன ஊர் என்றுதானே மார்க்கே கொடுத்தார்கள் என்றான் பூல்பாண்டி.

மார்கழி கடைசி நாள் ரைஸ் மில் ஸ்டாப்பில் ஊரே கூடிவிட்டது. மாமா நாலு பேருக்கும் மாலை போட்டார். பஸ் பலகையில் கடைசி ஸ்டாப்பின் பேர் எழுதியிருந்தது, ஆனால் பலகையில் சீல் இல்லாததால் மாமா அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ராசகனி பலகையைப் படித்தாள். கொம்பையாவைப் பார்த்தாள். இன்னொரு தடவை பலகையைப் படித்தாள். போகிற ஊரில் தையல்கடை ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொன்னாள். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த மாதிரி ஒரு சிரிப்பைக் கொம்பையா அதுவரை பார்த்ததில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்க வந்ததும் நாலு பேரும் பாஸ்போர்ட்டை நீட்டினார்கள். அவர் டிக்கெட்டைக் கிழித்து உள்ளே வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். விசா கிடைத்த சந்தோஷத்தில் கொம்பையா ரெண்டு மணிநேரப் பயணத்தில் கண்ணே மூடவில்லை.

ஒத்தப்பனைவிளையில் முதல் வாரமே தண்ணீர்த் தொட்டி நிமிர்ந்தது. ஆளுக்கு ஒரு மூலையில் குடியேறினார்கள். ஒருத்தருக்கு ஸ்பானர் வேண்டுமென்றால் இன்னொரு மூலையைப் பார்த்துக் கத்த வேண்டும், அது ஒன்றுதான் கஷ்டம். கங்காரு உண்டா என்று தாணு கேட்டான். முந்தி முயல் உண்டு, இப்போது அதுவும் குறைந்துபோயிற்று என்றார் தருமக்கண். விதி விதிதான் என்று மூணு வருஷமும் நாலு பேரும் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. ஞாயிறுதோறும் மாமா போன் போடுவார்.

"அங்க இப்ப மணி என்னடே?"

"நாலே கால் மாமா."

"இங்கேயும் நாலே கால்தாண்டே."

ரெண்டு பேரும் சற்று நேரம் ஆச்சரியப்பட்டுவிட்டுப் போனை வைப்பார்கள். மூணு வருஷமும் அந்த ஆச்சரியம் குறையவில்லை.

மூணு வருஷம் முடிந்த மறுநாள் கொம்பையா கிராம நிர்வாக அலுவலர் அம்மாவின் முன்னால் போய் நின்று, பி.ஆர். வேண்டும் என்றான். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. இந்த ஊரில் நிரந்தரமாகத் தங்குகிறேன் என்று சர்க்கார் பேப்பர் வேண்டும் என்று விளக்கினான். இருப்பவர்களே பூட்டிவிட்டுப் போகிற ஊரில் இப்படி ஒருத்தன் கேட்கிறானே என்று அந்த அம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. தாலுகா ஆபீசுக்குத் தானே எழுதி அனுப்பி, நிரந்தரமாக வசித்து வருகிறார் என்று இருப்பிடச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தாள். ரெண்டு சீல். பச்சை மையில் கையெழுத்து.

மாமா அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு கனடா வீட்டார் கொடுத்துவிட்டுப்போன பி.ஆர். கார்டின் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கனடாவில் ஒரு பொட்டுப் பச்சை மைகூட இல்லை.

"வெறும் பிளாஸ்டிக்கு," என்றார். "நல்லவேளை, ஏமாந்திருப்போம்."

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அயல்நாடு போகிற பெண்ணுக்கு என்று அத்தை ஊறுகாய்ப் பாட்டிலுக்கு நாலு சுற்றுத் துணி சுற்றிக் கொடுத்தாள். மாமா பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். ராசகனி அழவில்லை. ஒத்தப்பனைவிளையில் தையல்கடை இல்லை என்று தெரிந்து மிஷினை முதல்நாளே அனுப்பி வைத்திருந்தாள்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு குறை வந்தது. தொட்டி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்தது. அழைத்தவர்களிடம்தானே குறையைச் சொல்ல வேண்டும் என்று பூல்பாண்டி ஜெசிந்தா அக்காவுக்குப் போன் போட்டு ஆஸ்திரேலியாவுக்கு எழுதச் சொன்னான். அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினாள். உடனே பதில் வந்தது. அஞ்சல் பெட்டியைப் பார்க்க ஆள் இல்லை.

"கிளம்பிட்டாங்க," என்றான் பூல்பாண்டி.

ஊரே ஆறு கிலோமீட்டர் நடந்து போய்க் கடைசி ஸ்டாப்பில் தட்டும் மாலையுமாக நின்றது. முறையாக மனுவும் எழுதி வைத்திருந்தார்கள். பஸ்ஸிலிருந்து மாமா இறங்கினார், மகளைப் பார்க்க வந்தவர். மாலை அவர் கழுத்தில் விழுந்தது, மனு கைக்கு வந்தது. முப்பது வருஷமாகத் தன்னைத் தாண்டி உள்ளே போன மனுக்களையே பார்த்தவர், முதல்தடவையாக ஒரு மனு தன் கையில் நின்றதும் அப்படியே உருகிவிட்டார். பச்சை மை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. ராசகனி தட்டிலிருந்த வெற்றிலையைக் கசக்கிச் சாறு பிழிந்து கொடுத்தாள். குச்சியால் தொட்டு, உண்மை, உடனே கவனிக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இதை யாருகிட்ட குடுக்கணும்?" என்றார்.

"எங்களை யாரு அழைச்சாங்களோ அவங்ககிட்டத்தான்," என்றான் பூல்பாண்டி.

எல்லாரும் தருமக்கண்ணைப் பார்த்தார்கள். அழைத்துவிட்டு இப்போது இல்லை என்று சொல்வது மரியாதையா? அவர் ரெண்டு கையாலும் மனுவை வாங்கி, தன் ஊரில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது என்பதை நிதானமாகப் படித்தார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நியாயமான குறைதான்," என்றார். "நாங்களும் இதைப் பத்தி ஆஸ்திரேலியாவுக்கு எழுதணும்னுதான் இருந்தோம்."